சிறுகதையில் வினைச்சொல்: யார் செய்தது?

இரண்டாம் ஆண்டில் இருந்தபோது சிறுகதைப் போட்டி ஒன்றுக்கு ஒரு கதை எழுதி அனுப்பினேன். என் பாட்டியும் தாத்தாவும் வாழ்ந்த தோட்டத்தைப் பற்றிய கதை. ஏழு பக்கம். பரிசு கிடைக்கவில்லை, ஆறுதல் பரிசுகூட இல்லை. முடிவு தெரிந்த பிறகு, கதையைத் திருப்பித் தர முடியுமா என்று ஏற்பாட்டுக் குழுவில் இருந்த அக்கா ஒருவரிடம் கேட்டேன். தேடிப் பிடித்துக் கொடுத்தார். பக்கங்களின் ஓரத்தில் நடுவர் பென்சிலால் எழுதியிருந்தார். பாராட்டும் இல்லை, திட்டும் இல்லை. 14 இடங்களில் ஒரே ஒரு சொல்: ‘யார்?’

“தோட்டம் விற்கப்பட்டது.” யார்? “கோயில் மணி கழற்றப்பட்டது.” யார்? “மக்கள் வெளியேற்றப்பட்டனர்.” யார்? கடைசிப் பக்கத்தில் “நாய் கைவிடப்பட்டது” என்று ஒரு வரி. அதன் பக்கத்தில் மட்டும் அந்தக் கேள்வியை இரண்டு முறை எழுதிக் கீழே கோடும் போட்டிருந்தார்.

முதலில் கோபம்தான் வந்தது. கதையில் இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்திலேயே ‘கண்ணன் பந்தை உதைத்தான்’ என்பதை ‘பந்து கண்ணனால் உதைக்கப்பட்டது’ என்று மாற்றும் பயிற்சியில் நான் முழுமதிப்பெண் வாங்கியவள். செயப்பாட்டு வினையை எழுதுவது குற்றமா என்ன? அந்தக் கோபம் அடங்க ஒரு வாரம் ஆனது. அதன்பிறகு கதையை நானே ஒரு வாசகியைப் போல் வாசித்தேன். நடுவர் குறிக்காமல் விட்ட இடங்களையும் சேர்த்தால் ஏழு பக்கத்தில் 33 ‘பட்டது’கள். என் பாட்டி, தாத்தா, தோட்டத்து மக்கள் யாருமே அந்தக் கதையில் எதையும் செய்யவில்லை. எல்லாமே அவர்களுக்கு நடந்திருந்தது. நடத்தியவர்களும் கதையில் இல்லை.

கதை எழுத நினைக்கும் நண்பர்களுக்கு என் அனுபவம் பயன்படலாம் என்பதால் இதை எழுதுகிறேன். நான் படிப்பது அறிவியல் புலத்தில். இலக்கணம் எனக்குத் துறை அல்ல. ஆகவே இதைப் பாடமாகக் கொள்ளாமல், கதையைத் திருத்தியவள் கண்டுகொண்டதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

வினைமுற்றின் வாலில் இருக்கும் ஆள்

‘எடுத்தான்’ என்று சொல்லிப் பாருங்கள். ஐந்து எழுத்து. செயல், காலம், செய்தவன் ஆண், ஒருவன், நமக்கு எதிரே இல்லாதவன் என எல்லாம் அதற்குள் அடங்கிவிட்டன. எழுவாயே தேவையில்லை, அந்த ஒரு சொல்லே ஒரு வாக்கியம். இப்போது ‘எடுக்கப்பட்டது’ என்று சொல்லிப் பாருங்கள். ஒன்பது எழுத்து. நீளம் கூடியது, செய்தி குறைந்தது. ஆன், ஆள், ஆர் என்று வாலில் ஒட்டிக்கொண்டிருந்த ஆள் காணாமல் போய்விட்டான். அவனைத் திரும்பக் கொண்டுவர வேண்டுமானால் ‘அவனால்’ என்று தனியாக ஒரு சொல்லைத் தூக்கிவைக்க வேண்டும். அப்படி வைத்தாலும் வாக்கியம் நொண்டுகிறது. ‘அவனால்’ என்றதும் ‘முடியவில்லை’ என்று வரப்போகிறது என்றுதான் தமிழ்க் காது எதிர்பார்க்கிறது.

‘நாயைத்தானே முதலில் சொல்ல நினைத்தேன், அதனால்தான் செயப்பாட்டு வினை போட்டேன்’ என்று நான் எனக்குள் வாதாடியதும் உண்டு. அந்த வாதம் தமிழில் எடுபடாது. நமக்குத்தான் ‘ஐ’ உருபு இருக்கிறதே. ‘கோயில் மணியைக் கழற்றினார்கள்’ என்று மணியை முன்னால் வைக்கலாம். ‘மணியை அன்றைக்கே தலைவர் கழற்றிவிட்டார்’ என்று செய்தவரை நடுவில் செருகலாம். வாக்கியத்தில் எந்தப் பொருளை எங்கே தூக்கி வைத்தாலும் யார் யாரை என்ன செய்தார் என்பது குழம்பாது. செயப்படுபொருளை முன்னால் கொண்டுவர மற்ற சில மொழிகள் வாக்கியத்தையே புரட்டிப் போட வேண்டியிருக்கிறது. தமிழுக்கு அந்தச் சிரமமே இல்லை.

இன்னொன்றும் கவனித்தேன். வீட்டில், கடையில், பேருந்தில் தமிழில் பேசும் யாரும் ‘படு’வைச் சேர்த்துச் செயப்பாட்டு வினையில் பேசுவதில்லை. பைக் திருடு போனால் ‘என் பைக் திருடப்பட்டது’ என்று எவரும் அலறுவதில்லை. ‘பைக்க தூக்கிட்டாங்க!’ என்கிறோம். தூக்கியவர் ஒருவரா பலரா, யார் எவர் என்று தெரியாது. ஆனாலும் ‘ஆங்க’ என்று ஒரு கூட்டத்தை வாலில் வைத்துவிடுகிறோம். ‘லைட்ட வெட்டிட்டாங்க’, ‘ரோட்ட அடைச்சிட்டாங்க’, ‘சம்பளத்த இன்னும் போடல’. தெரியாத ஆளுக்கும் ஓர் இடம் விட்டுவைக்கும் பேச்சு இது. கதையில் நாம் தேடும் உயிர் இங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

‘படு’ என்ற சொல்லையே பகையாக நினைத்துவிட வேண்டாம். கோபப்பட்டான், வெட்கப்பட்டாள், பாடுபட்டார், அடிபட்டது, கண்ணில் பட்டது: இவையெல்லாம் செயப்பாட்டு வினைகள் அல்ல. இங்கே படுகிறவர் உண்மையிலேயே படுகிறார். ‘பாடுபட்டார்’ என்பதைத் தூக்கிவிட்டால் தோட்டத்துக் கதை எதையுமே எழுத முடியாது!

‘டி’ என்ற ஓர் எழுத்து

இந்தப் பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது? ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளி. அங்கே நான் எழுதிய கட்டுரைகளை அம்மா ஒரு கோப்பில் சேர்த்து வைத்திருக்கிறார். எடுத்துப் புரட்டினேன். ‘கதிரவன் தன் பொற்கதிர்களைப் பரப்பினான்’ என்று தொடங்காத கட்டுரை இல்லை. (யு.பி.எஸ்.ஆர். தேர்வை 2021-இல் நீக்கிவிட்டார்கள். அந்தக் கதிரவன் இப்போது என்ன செய்கிறானோ தெரியவில்லை.) மனப்பாடத் தொடர்கள் நிறைய இருந்தாலும் அந்தக் கட்டுரைகளில் எல்லாரும் எதையாவது செய்கிறார்கள். ஓடுகிறார்கள், விழுகிறார்கள், ‘ஐயோ’ என்று கத்துகிறார்கள். ‘பட்டது’ அரிதாகவே வருகிறது.

அதன்பின் தேசிய இடைநிலைப்பள்ளி. நாள் முழுவதும் மலாய்; தமிழ் வாரத்தில் சில பாடவேளைகள் மட்டும், அதுவும் வேறு வகுப்பு மாணவர்களோடு சேர்ந்து. ஐந்து ஆண்டுகளில் நான் எழுதிய நீளமான எதுவும் மலாயில்தான். மலாயில் ‘ஆயாட் பாசிப்’ என்பது அன்றாட நடை. ‘அம்பில்’ என்றால் எடு. முன்னால் ‘டி’ சேர்த்தால் ‘டியம்பில்’. பின்னால் ‘ஞா’ சேர்த்தால் ‘டியம்பில்ஞா’. ஒரே மூச்சில் முடிந்துவிடுகிறது. எடுத்தவனும் அந்த ‘ஞா’வில் இருக்கிறான், வேகமும் குறையவில்லை. மலாக்காவில் பிறந்து சிறுவயதில் தமிழும் கற்ற முன்ஷி அப்துல்லாவின் ‘ஹிக்காயாட் அப்துல்லா’ (1849) போன்ற பழைய மலாய் உரைநடையில் இந்த ‘டி’ வினைகள் நிகழ்ச்சிகளை வேகமாக நகர்த்திக்கொண்டு போகின்றன. அங்கே அது பலவீனம் அல்ல. அந்த மொழியின் எலும்பு.

நான் செய்த தவறு, அந்த எலும்பைப் பிடுங்கித் தமிழில் வைத்ததுதான். ‘டியம்பில்ஞா’ என்று மனத்தில் ஓடியதை ‘அவனால் எடுக்கப்பட்டது’ என்று எழுதினேன். மலாயில் ஓர் அசை செய்யும் வேலையைத் தமிழில் செய்ய ‘ஆல்’, ‘க்க’, ‘ப்பட்டது’ என்று மூன்று பேர் வந்து நிற்கிறார்கள். ‘டிலாராங் மெரோக்கோக்’ என்று சுவரில் இருந்தால் மலாயில் அது சுருக்கமான கட்டளை. அதையே ‘புகைபிடிப்பது தடை செய்யப்பட்டுள்ளது’ என்று தமிழில் எழுதினால் வாசித்து முடிப்பதற்குள் ஒருவர் பற்றவைத்துவிடுவார். ‘புகைபிடிக்காதீர்’ போதும். நம் நிகழ்ச்சி அழைப்பிதழ்களையும் பாருங்கள். ‘மாணவர்கள் அனைவரும் திரளாகக் கலந்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.’ இதை எழுதியவரிடம் ‘நீங்கள்தானே கேட்டுக்கொள்கிறீர்கள்?’ என்று ஒருமுறை கேட்டேன். சிரித்தார். அடுத்த ஆண்டும் அதே வாக்கியம் வந்தது.

பழி முழுவதையும் மலாயின் மேல் போடுவது நியாயம் இல்லை. ஆய்வுக்கூட அறிக்கைகளில் ‘கரைசல் சூடாக்கப்பட்டது, வடிகட்டப்பட்டது’ என்று எழுதி எழுதிக் கை பழகியிருக்கிறது. அங்கே சூடாக்கியது நானா என் தோழியா என்பது முக்கியம் இல்லை, ஆகவே அது சரி. ‘சந்தேக நபர் கைது செய்யப்பட்டார்’ என்று நாளிதழ் எழுதுவதும் சரி. கைது செய்வது போலீஸ் என்று எல்லாருக்கும் தெரியும். செய்தி நடையும் அறிக்கை நடையும் தத்தம் வேலையைச் செய்கின்றன. அவற்றைக் கதைக்குள் நுழையவிட்டது நாம்.

பாட்டி சொன்ன வினைகள்

கதையைத் திருத்துவதற்காகப் பாட்டியிடம் மறுபடியும் உட்கார்ந்தேன். கெடாவில் ஒரு தோட்டம். 1990-களின் நடுவில் அதை விற்று வீடமைப்புத் திட்டமாக்கினார்கள். முதல் பதிப்பில் நான் எழுதியிருந்தது: ‘அதிகாலையில் ரப்பர் மரங்களிலிருந்து பால் சேகரிக்கப்பட்டது.’ பாட்டியிடம் இதை வாசித்துக் காட்டினேன். “யாரு சேகரிச்சா?” என்றார். நடுவரும் பாட்டியும் ஒன்றுதான் கேட்டார்கள்.

“மொத நாளு கோட்டுல காஞ்ச ஒட்டுப்பால பிச்சி எடுக்கணும். மங்க தொடைக்கணும். அப்புறந்தான் சீவணும். ஆழமா சீவுனா மரம் காயப்பட்டுரும், கங்காணி ஏசுவான். மேலாக்க சீவுனா பால் எறங்காது.”

பிய்த்தல், துடைத்தல், சீவுதல், ஏசுதல், இறங்குதல். நான் ‘சேகரிக்கப்பட்டது’ என்ற ஒரே சொல்லில் புதைத்ததற்குள் இத்தனை வேலைகள் இருந்தன. வலுவான வினையைத் தேடி அகராதியைப் புரட்டியவள் நான். அது எங்கள் வீட்டுச் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தது.

செயப்பாட்டு வினையைத் தவிர மற்ற பலவீனங்களும் அப்போதுதான் கண்ணில் பட்டன. பெயர்ச்சொல்லுக்குள் வினையை அடைத்துவிட்டு, பக்கத்தில் ‘செய்’, ‘மேற்கொள்’, ‘ஏற்படு’ என்று ஒரு கூலியாளை நிறுத்துவது என் வழக்கம். ‘முயற்சி செய்தாள்’ (முயன்றாள்), ‘உதவி செய்தார்’ (உதவினார்), ‘பயணத்தை மேற்கொண்டனர்’ (கிளம்பினார்கள்), ‘இருவருக்கும் இடையே வாக்குவாதம் ஏற்பட்டது’. இந்தக் கடைசி வாக்கியத்தில் வாக்குவாதம் ஏதோ மழைபோல் வானத்திலிருந்து விழுகிறது. பாட்டி சொன்னது: “உங்க தாத்தாவும் கிராணியும் மல்லுக்கட்டுனாங்க.” அடுத்தது ‘காணப்பட்டார்’. ‘தாத்தா சோகமாகக் காணப்பட்டார்.’ மலாய்க் கட்டுரைகளில் வரும் ‘கெலிஹாத்தான் செடிஹ்’ என் மூளையில் தமிழ் வேடம் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. யாரால் காணப்பட்டார்? சோகமாக இருக்கும் தாத்தா என்ன செய்தார் என்று கேட்டேன். “ஒண்ணும் செய்யல. கத்திய தீட்டிக்கிட்டே இருந்தாரு. வேலதான் முடிஞ்சி போச்சே, எதுக்கு தீட்டுறீங்கன்னு கேட்டேன். பதில் பேசல.” இதற்குமேல் ‘சோகம்’ என்ற சொல் எதற்கு?

‘உணர்ந்தாள்’, ‘கண்டான்’ ஆகியவையும் அடிக்கடி குறுக்கே நிற்பவை. ‘கதவு திறந்திருப்பதைக் கண்டான்’ என்று எழுதுகிறோம். அவன் கண் வழியாகத்தான் கதை போகிறது என்று வாசகருக்கு முன்பே தெரிந்தால் ‘கதவு திறந்திருந்தது’ போதும். இங்கே ‘இருந்தது’ என்ற சாதாரணச் சொல்தான் நல்ல சொல். ‘அழ ஆரம்பித்தாள்’ என்பதும் அப்படித்தான். பாதியில் யாராவது தடுக்கப்போகிறார்கள் என்றால் ஆரம்பிக்கட்டும். இல்லையென்றால் அழட்டும்.

பாட்டியின் பேச்சில் என்னை மிகவும் பிடித்து நிறுத்தியவை துணைவினைகள். ஒரே ‘உடை’யை எடுத்துக்கொள்ளுங்கள். உடைத்துவிட்டான் என்றால் காரியம் முடிந்தது. உடைத்துப்போட்டான் என்றால் அவனுக்கு அக்கறை இல்லை. உடைத்துத் தொலைத்தான் என்றால் சொல்கிறவருக்கு எரிச்சல். உடைத்து வைத்தான் என்றால் இனி யாரோ அதைச் சமாளிக்க வேண்டும். உடைந்துபோயிற்று என்றால் ஓர் இழப்பு. வினையை மாற்றாமலேயே சொல்கிறவரின் மனத்தை மாற்றிவிடலாம். ஆங்கிலக் கதைப்பட்டறை நூல்கள் ‘வலுவான வேறு வினையைத் தேடு’ என்று சொல்வதைப் படித்துவிட்டு நானும் வேறு வினையையே தேடிக்கொண்டிருந்தேன். நம் மொழியில் பல நேரங்களில் வினையின் பின்னால் வரும் அந்தச் சின்னச் சொல்லே வேலையைச் செய்துவிடுகிறது. ஒன்று மட்டும் எச்சரிக்கை: ‘கொண்டிருந்தான்’. நடந்துகொண்டிருந்தான், யோசித்துக்கொண்டிருந்தான், பார்த்துக்கொண்டிருந்தான் என்று வரிசையாக வந்தால் கதை ஓரிடத்தில் நின்று ஆடத் தொடங்கிவிடும். தாத்தா கத்தி தீட்டும் இடத்தில் மட்டும் அதை வைத்துக்கொண்டேன். அவர் உண்மையிலேயே தீட்டிக்கொண்டே இருந்தார்.

வலுவான வினை என்றதும் சத்தமான வினையைத் தேடி ஓடுவது இன்னொரு பள்ளம். என் இரண்டாம் பதிப்பில் கிராணி கர்ஜித்தார், தாத்தா முழங்கினார், பாட்டி வினவினார், பக்கத்து வீட்டு அக்கா இயம்பினார். தோழி ஒருத்தி வாசித்துவிட்டு, “தோட்டமா, அரண்மனையா?” என்று கேட்டாள். எல்லாரையும் ‘என்றார்’ ஆக்கினேன். ‘என்றார்’ யார் கண்ணிலும் படாமல் தன் வேலையை முடித்துவிட்டுப் போகும்.

சட்டி தானாக உடைவதில்லை

‘பட்டது’களைப் பிடுங்கி எறிந்துவிட்டால் ‘யார்?’ என்ற கேள்வி தீர்ந்துவிடும் என்று நம்பியிருந்தேன். தீரவில்லை. தமிழில் ஆளை மறைக்க அதைவிட எளிய வழி ஒன்று இருக்கிறது. அதைச் சிறுபிள்ளைகள்கூட அறிவார்கள். கையில் இருந்த மங்கு கீழே விழுந்தால் பிள்ளை ‘உடைச்சிட்டேன்’ என்று சொல்லாது, ‘உடைஞ்சிருச்சி’ என்கும். உடைந்தது–உடைத்தான், உருண்டது–உருட்டினான், திரும்பியது–திருப்பினான், சேர்ந்தது–சேர்த்தான், அடங்கியது–அடக்கினான் என்று நம் வினைகள் பல, சோடி சோடியாக இருக்கின்றன. ஒன்றில் பொருள் தானே நகர்கிறது, மற்றதில் ஒரு கை அதை நகர்த்துகிறது. பள்ளியில் தன்வினை, பிறவினை என்று படித்தது இதைத்தான். தேர்வுக்குப் பிறகு நான் மறந்துபோன பாடம்.

மிகப் பழைய பாடமும்கூட. செய்யப்படும் பொருளையே செய்ததுபோலச் சொல்லும் வழக்கு உண்டு என்று தொல்காப்பியம் வினையியலில் சொல்கிறது. திண்ணையை யாரோ மெழுகியிருக்க, திண்ணை மெழுகியது என்பதுபோலச் சொல்வதை உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டாகத் தருகிறார்கள். ‘கதவு திறந்தது’ என்று இன்றும் எழுதுகிறோம். கதவு திறந்தது என்பது ஒரு கதைக்கு மிக அழகான வரி. யார் திறந்தார் என்று தெரியாமல் உள்ளே படுத்திருக்கும் ஒருத்தியின் பயம் அதில் இருக்கும். ‘யாரோ கதவைத் திறந்தார்கள்’ என்று ‘வலுவாக்கினால்’ பயம் போய்விடும். ஆக, ஆளை மறைப்பது சில இடங்களில் கதைக்குத் தேவை. யாரிடமிருந்து மறைக்கிறோம், எதற்காக மறைக்கிறோம் என்பதில்தான் சிக்கல் வருகிறது.

என் சிக்கல் நாயில் வந்தது.

‘நாய் கைவிடப்பட்டது’ என்று முதலில் எழுதியிருந்தேன் அல்லவா? இரண்டாம் பதிப்பில் ‘நாய் அங்கேயே தங்கிவிட்டது’ என்று மாற்றினேன். செயப்பாட்டு வினை போயிற்று. வாக்கியம் சுருங்கியது. நன்றாகவும் ஒலித்தது. நாயாகவே விரும்பித் தங்கியதுபோல் இருந்தது. பாட்டியிடம் வாசித்துக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

“தங்கல. லோரி பின்னாலயே ஓடியாந்திச்சி. மெயின் ரோடு வரைக்கும் ஓடியாந்திச்சி. நா நிறுத்தச் சொன்னேன். உங்க தாத்தாதான் போகச் சொன்னாரு. அடுக்குமாடியில நாய் வளக்க விட மாட்டாங்கன்னாரு. திரும்பியே பாக்கல.”

எனக்கு இது ஒரு வகையில் முன்பே தெரியும். சிறுவயதில் அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். தாத்தா 2017-இல் இறந்தார். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பாசார் மாலாம் சுற்றிக் காட்டியவர். அவர் ஒரு நாயை விட்டுவிட்டு வந்தார் என்று எழுத என் கை மறுத்திருக்கிறது. என் கை மறுத்ததை இலக்கணம் எனக்காக மறைத்துக் கொடுத்திருக்கிறது. அந்த 33 ‘பட்டது’களில் பாதி மலாயின் தாக்கமாகவும் ஆய்வு அறிக்கைப் பழக்கமாகவும் இருக்கலாம். இந்த ஒன்று நானே தேர்ந்தெடுத்தது. நடுவர் அதை எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை. இரண்டு முறை ‘யார்?’ என்று எழுதிவிட்டார்.

மறுபுறம், தோட்டத்தின் கதையே செயப்பாட்டு வினையில்தான் நமக்குச் சொல்லிக்கொடுக்கப்படுகிறது (பாருங்கள், எனக்கும் வந்துவிட்டது). ‘தோட்டங்கள் துண்டாடப்பட்டன’ என்ற வரியை எத்தனை கட்டுரைகளில் வாசித்திருப்போம். 1950-களில், நாட்டின் விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில், ஆங்கிலேய முதலாளிகள் பெருந்தோட்டங்களை விற்றார்கள். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டுபோட்டு மறுபடியும் விற்றார்கள். தொழிலாளர்கள் வேலையையும் வீட்டையும் சேர்த்து இழந்தார்கள். 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் தங்கள் சம்பளத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பங்குப்பணம் கட்டித் தோட்டங்களை வாங்கினார்கள். இந்த ஐந்து வாக்கியங்களிலும் விற்றவர், வாங்கியவர், இழந்தவர், கட்டியவர் என்று ஆட்கள் இருக்கிறார்கள். ‘துண்டாடப்பட்டன’ என்பதில் ஒருவரும் இல்லை. எங்கள் தோட்டத்தின் கதை அதற்கு 30 ஆண்டுகளுக்கும் மேல் பிந்தியது. ஆனால் நான் அதை எழுதிய வாக்கியங்கள் அந்தப் பழைய கட்டுரைகளிலிருந்து வந்தவை.

மூன்றாம் பதிப்பில் ‘தாத்தா நாயை விட்டுவிட்டு வந்தார்’ என்று எழுதினேன். அதன்பின் முன்னும் பின்னும் பலவற்றை மாற்ற வேண்டியதாயிற்று. தாத்தா ஒன்றைச் செய்தவர் என்று ஆன பிறகு, அவருக்குச் செய்தவர்களையும் செய்தவர்களாகக் காட்டாமல் இருக்க முடியவில்லை. தண்ணீரை அடைத்தார்கள். கோயில் மணியைக் கழற்றி லோரியில் ஏற்றினார்கள். அதைக் கழற்றியவர்கள் நம் ஆட்கள்தான், கோயிலோடு சேர்ந்து இடிந்துவிடக்கூடாது என்று. இதையும் பாட்டிதான் சொன்னார். முதல் பதிப்பில் ‘மணி கழற்றப்பட்டது’ என்பதை வாசித்தவர்கள் அதை யாரோ அந்நியர் கொள்ளையடித்ததாகவே நினைத்திருப்பார்கள். உண்மை அதற்கு நேர் எதிர்.

33-இல் நான்கு ‘பட்டது’களைத் தெரிந்தே விட்டுவைத்தேன். மூன்று, நிர்வாகம் ஒட்டிய அறிவிப்பில் வருபவை. அறிவிப்பு அப்படித்தான் பேசும். அதன் குரலை நான் மாற்றக்கூடாது. நான்காவது, கதையின் முதல் வரி: ‘தோட்டம் விற்கப்பட்டது.’ யார் விற்றார், யாருக்கு விற்றார் என்று பாட்டியிடம் கேட்டேன். கம்பெனி பெயர்கூட அவருக்குத் தெரியவில்லை. தாத்தாவுக்கும் தெரிந்திருக்காது என்றார். பெரட்டில் கிராணி வந்து ‘தோட்டத்த வித்தாச்சி’ என்று மட்டும் சொன்னாராம். ‘வித்தாச்சி’யிலும் ஆள் இல்லைதான்.

கதையைப் பாட்டியிடம் முழுதாக வாசித்துக் காட்டினேன். நாய் வரும் இடத்தில் தலையசைத்தார். “அதுக்குப் பேரு இருந்திச்சே, எழுதலியா?” என்றார். நான் கேட்கவே இல்லை. வேலன் என்றார். எழுதிக்கொண்டேன்.